கடலில் ஒன்றுமே நடக்காத ஓவியங்கள்: எதைப் பார்ப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: “ரொமான்டிக் காலத்து ஓவியம் என்றால் புயல், உடைந்த கப்பல், பொங்கும் அலை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அதே காலத்து ஆங்கில நீர்வண்ண ஓவியங்களைப் புரட்டினால் பாதிக்குப் பாதி அசையாத கடலும், மணலில் சாய்ந்து கிடக்கும் படகும், பெரிய வானமும்தான் வருகின்றன. இவற்றில் என்ன இருக்கிறது? எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?”

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீர்வண்ணத்தில் வெளிச்சம் வண்ணத்திலிருந்து வருவதில்லை, தாளிலிருந்து வருகிறது. அசையாத கடல்தான் அந்தத் தாளை மிக அதிகமாக வெளியே விடுகிற விஷயம். அதனால்தான் 1800-ஐ ஒட்டிய நாற்பது ஆண்டுகளில் இந்த ஊடகம் தன்னால் என்ன முடியும் என்று கண்டுபிடித்த இடமாகக் கடற்கரை ஆனது. புயலை எண்ணெய் வண்ணத்தில் எப்படியும் வரைந்துவிடலாம். தடிமனாகப் பூசி, மேலே வெள்ளையை அப்பி, நுரையைக் கொண்டுவந்துவிடலாம். விடிகாலையில் சலனமே இல்லாத நீரை நீர்வண்ணத்தில் வரைவதற்கு எதையும் மறைக்க வழியில்லை. கை தடுமாறினால் தடுமாறியது தெரியும்.

இதை நான் புரிந்துகொண்டது புத்தகத்தில் படித்து அல்ல, வரைந்து பார்த்துக் கெடுத்துத்தான். வானத்துக்கான வாஷ், அதாவது நீர்த்த வண்ணத்தை அகலமாகப் பரப்பும் பூச்சு, போடுவது எப்படி என்றால், தாளைப் பலகையில் நான்கு பக்கமும் ஒட்டி, பலகையின் தலைப்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகத்தை வைத்துச் சாய்த்துக்கொள்ள வேண்டும். பெரிய பிரஷ்ஷை நிறையத் தோய்த்து இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. இழுத்த பட்டையின் கீழ் விளிம்பில் வண்ணநீர் ஒரு நீளமான துளியாகத் திரண்டு நிற்கும். அது உடைவதற்கும் காய்வதற்கும் முன்னால் அதைத் தொட்டுக்கொண்டே அடுத்த இழுப்பு. அப்படியே கீழே வரவர நீரைக் கூட்டி நிறத்தைக் குறைத்தால், தொடுவானத்தை எட்டும்போது வண்ணம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் தாளோடு கரைய வேண்டும். நடுவில் பிரஷ்ஷை எடுத்து யோசித்தால் போச்சு, ஒரு கோடு விழுந்துவிடும். சென்னையில் மே மாதத்தில் மொட்டைமாடியில் உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். மூன்றாவது இழுப்புக்கே முதல் இழுப்பு காய்ந்திருக்கும். இங்கிலீஷ் கால்வாயின் ஈரக்காற்று இந்தக் கலைக்கு எவ்வளவு உதவியிருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்து, இதற்கெல்லாம் தோதான பொருள்களும் அந்தக் காலத்தில்தான் கூடிவந்தன. ஜேம்ஸ் வாட்மன் ஆலையில் 18-ம் நூற்றாண்டின் நடுவில், பழைய தாள்களில் இருக்கும் வரிவரியான தடம் இல்லாத சீரான தாள் செய்ய ஆரம்பித்தார்கள். மேற்பரப்பில் வஜ்ஜிரப் பசை நன்றாக ஏறியிருப்பதால் தேய்க்கலாம், சுரண்டலாம், ஈரத்தை ஒற்றி எடுக்கலாம், கிழியாது. ரீவ்ஸ் சகோதரர்கள் நீர்வண்ணத்தைக் கட்டியாக வார்த்து விற்க ஆரம்பித்து, 1781-ல் அதற்காகப் பரிசும் வாங்கினார்கள். அதற்கு முன்னால் வண்ணத்தை அரைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இப்போது ஒரு சின்னப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்துவிடலாம். 1804-ல் லண்டனில் நீர்வண்ண ஓவியர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் கண்காட்சியை நடத்தினார்கள். எண்ணெய் ஓவியங்களுக்கு நடுவில் மூலையில் தொங்கி மங்கிப்போகாமல், தனக்கென்று ஒரு சுவர் அப்போதுதான் நீர்வண்ணத்துக்குக் கிடைத்தது.

சரி, ஆட்களுக்கு வருவோம். தாமஸ் கர்ட்டினிடமிருந்து தொடங்குவதுதான் சரி. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஆங்கில ஓவியர் டர்னரும் இவரும் 1775-ல் பிறந்தவர்கள். இளைஞர்களாக இருந்தபோது இருவரும் லண்டனில் டாக்டர் மன்றோ என்ற மருத்துவரின் வீட்டுக்கு மாலை வேளைகளில் போய், அவர் சேகரித்து வைத்திருந்த படங்களைப் பார்த்துப் பிரதி எடுப்பார்கள். கர்ட்டின் கோடு போடுவார், டர்னர் அதன்மேல் வாஷ் போடுவார். டர்னருக்கு ஒரு மாலைக்குக் கூலி மூன்றரை ஷில்லிங். மன்றோவின் பக்கத்து வீட்டுக்காரரான ஜான் ஹெண்டர்சன் டோவர் துறைமுகத்தில் படகுகளையும் கப்பல்களையும் கோட்டோவியமாக வரைந்து வைத்திருந்தார். அவையும் இந்தப் பையன்கள் கைக்கு வந்தன. பாய்மரக் கயிறு எங்கே கட்டப்படுகிறது, நங்கூரமிட்ட படகு நீரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் இப்படி இரவு விளக்கில் கைக்குள் ஏறிய பாடங்கள்.

கர்ட்டினின் ‘செல்சியில் வெள்ளை வீடு’ 1800-ல் வரைந்தது, டேட் காட்சியகத்தில் இருக்கிறது. கடல் அல்ல, தேம்ஸ் ஆறு. ஆனால் அமைதியான நீரை நீர்வண்ணத்தில் வரைந்த எல்லோருக்கும் இதுதான் மூலப்பாடம் என்பேன். அந்தி நேரம். தாழ்ந்த கரை, இடப்பக்கம் ஒரு காற்றாலை, அகலமான நீர். எல்லாமே மண்ணும் சாம்பலும் கலந்த நிறம். நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கத்தில் விரல்நகத்தைவிடச் சின்னதாக ஒரு வீடு, பளிச்சென்று வெள்ளை. அந்த வெள்ளையைப் பூசவே இல்லை. சுற்றிலும் பூசிவிட்டு அந்த ஒரு இடத்தில் தாளை விட்டுவிட்டார். நீரில் அதன் பிம்பமும் அப்படித்தான், மேலிருந்து கீழாக ஒரு வெளிச்சக் கீற்று. முழுப் படமும் அந்த இரண்டு சின்ன இடங்களைக் காப்பாற்றுவதற்காகவே வரையப்பட்டதுபோல இருக்கும். அதுவரை நீர்வண்ணம் என்றால் சாம்பல் நிறத்தில் நிழல்களைப் போட்டுவிட்டு மேலே லேசாகச் சாயம் ஏற்றுவதுதான் வழக்கம். கர்ட்டினும் டர்னரும் அந்தச் சாம்பல் அடித்தளத்தை விட்டுவிட்டு நேராக வண்ணத்திலேயே ஆரம்பித்தார்கள். கர்ட்டின் 1802 நவம்பரில், 27 வயதில் இறந்துபோனார். “டாம் உயிரோடு இருந்திருந்தால் நான் பட்டினி கிடந்திருப்பேன்” என்று டர்னர் சொன்னதாகச் சொல்வார்கள்.

ஏன் கடற்கரை, ஏன் அந்தக் காலம் என்பதற்கு அரசியல் காரணமும் உண்டு. 1793-லிருந்து 1815 வரை, நடுவில் ஒரு சின்ன இடைவெளி தவிர, இங்கிலாந்தும் பிரான்சும் போரில் இருந்தன. நெப்போலியன் படை எந்த நேரமும் கால்வாயைத் தாண்டி வரும் என்ற பயத்தில் கென்ட், சசெக்ஸ் கரைகளில் 70-க்கும் மேற்பட்ட வட்டக் காவற்கோபுரங்களைக் கட்டினார்கள். 1815-ல் வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்ற பிறகு அந்தக் கரைகள் சும்மா கிடந்தன. மீனவர்கள் மீன் பிடித்தார்கள், பயணிகள் கால்வாயைக் கடக்க ஆரம்பித்தார்கள், ஓவியர்கள் நோட்டுப் புத்தகத்தோடு இறங்கினார்கள். 1814-லிருந்து டபிள்யூ. பி. குக் வெளியிட்ட இங்கிலாந்தின் தென்கரைக் காட்சிகளுக்காக டர்னர் சுமார் 40 நீர்வண்ணங்கள் வரைந்துகொடுத்தார். அவற்றைச் செம்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்து விற்றார்கள். அமைதியான கடலைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டிய அந்தத் தலைமுறை, அதற்குப் பத்து வருடம் முன்னால் அதே கடலை எதிரி வரும் வழியாகப் பார்த்த தலைமுறை. அந்த நிம்மதி படங்களில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

முன்மாதிரியும் கையில் இருந்தது. 17-ம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள், குறிப்பாக 1670-களில் இங்கிலாந்துக்கே வந்து தங்கிவிட்ட வில்லம் வான் டெ வெல்டெயும் அவர் மகனும், காற்று நின்ற கடலில் பாய் தொங்கும் கப்பல்களை வரைவதில் மன்னர்கள். தாழ்ந்த தொடுவானம், முக்கால்வாசி வானம் என்ற அமைப்பு அவர்களிடமிருந்து வந்ததுதான். ஜெர்மனியில் காஸ்பர் டேவிட் ஃபிரெடரிக் 1810-ல் காட்சிக்கு வைத்த கடலோரத் துறவி படத்திலும் கடல் வெறிச்சென்றுதான் இருக்கும், ஆனால் அங்கே அந்த வெறுமை ஒருவித அச்சம். ஆங்கிலேயர்களின் நீர்வண்ணத்தில் அந்தப் பாரம் இல்லை. அது காலநிலை, நேரம், ஈரம்.

இனி எனக்கு மிகவும் பிடித்தவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் பார்க்ஸ் போனிங்டன் 1802 அக்டோபரில் நாட்டிங்ஹாம் பக்கத்தில் ஆர்னால்டு என்ற ஊரில் பிறந்தார். கர்ட்டின் இறப்பதற்குச் சில நாட்கள் முன்னால். அப்பா லேஸ் தொழில் தொடங்குவதற்காக 1817-ல் குடும்பத்தோடு கால்வாயைத் தாண்டி காலே நகரத்துக்குப் போனார். அதே ஆண்டில் லூயி ஃபிரான்சியா என்ற ஓவியர் தன் சொந்த ஊரான அதே காலேவுக்குத் திரும்பியிருந்தார். ஃபிரான்சியா ஏறக்குறைய 27 வருடம் லண்டனில் இருந்தவர், 1799-ல் கர்ட்டின் நண்பர்களோடு சேர்ந்து நடத்திய வரைகுழுவில் இருந்தவர். அவரிடம் 15 வயதுப் பையன் போனிங்டன் போய்ச் சேர்ந்தான். கர்ட்டினின் கை ஃபிரான்சியா வழியாக இந்தப் பையனுக்கு வந்தது. கலை வரலாற்றில் இவ்வளவு நேராகக் கைமாறிய வித்தைகள் கொஞ்சம்தான்.

அடுத்த ஆண்டே குடும்பம் பாரிஸ் போனது. லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு உயரமான விடலைப் பையன் குட்டைச் சட்டை போட்டுக்கொண்டு, வாய் பேசாமல், ஃப்ளெமிஷ் நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் பிரதி எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா பல வருடம் கழித்து ஒரு கடிதத்தில் எழுதினார். அதுதான் போனிங்டன். இருவரும் நண்பர்களானார்கள். 1821-ல் போனிங்டன் நார்மண்டி கரைக்குப் போய் வரைந்தார். பாரிசின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் 1822-ல் லில்லபோன், லெ ஹாவ்ர் ஊர்களின் இரண்டு நீர்வண்ணக் காட்சிகளை வைத்தார். 1824-ன் பெரும்பகுதியை டன்கிர்க்கில், கடலுக்குப் பக்கத்தில் கழித்தார். அந்த ஆண்டு சலோனில் கான்ஸ்டபிள், காப்லி ஃபீல்டிங் என்ற ஆங்கில ஓவியர்களுக்கும் இவருக்கும் தங்கப் பதக்கம். அப்போது இவருக்கு வயது 21.

இவரது கடற்கரை நீர்வண்ணம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இவர் திரும்பத் திரும்ப வரைந்த வகையைச் சொல்கிறேன். தொடுவானம் படத்தின் கீழ்க் கால்பாகத்தில். கடல் உள்வாங்கிய நேரம், மணல் ஈரமாக இருக்கிறது. ஒரு பக்கமாக இரண்டு மீன்பிடிப் படகுகள், மரப்பட்டைச் சாயம் ஏற்றிய செம்பழுப்புப் பாய்கள் பாதி சுருட்டியபடி. கூடையோடு இரண்டு மூன்று பேர், அவர்களில் ஒருவர் தலையில் சிவப்புத் தொப்பி. தூரத்தில் ஒரு வெள்ளைப் பாய், எறும்பு அளவுக்கு. அவ்வளவுதான்.

இப்போது அதை அவர் செய்த வழி. வானமும் தூரத்துக் கடலும் ஈரம் காய்வதற்குள் ஒரே மூச்சில். காய்ந்த பிறகு படகுகள், இரண்டு மூன்று தொடுகையில். முன்னால் இருக்கும் மணலுக்கு, ஏறக்குறைய வறண்ட பிரஷ்ஷைப் பக்கவாட்டில் படுக்க வைத்து இழுக்கிறார். தாளின் சொரசொரப்பில் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டிக்கொள்ள, பள்ளங்களில் வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சுகின்றன. ஈர மணலின் மினுமினுப்பு அது. ஒரு மணலைக்கூட அவர் வரையவில்லை. அந்தச் சிவப்புத் தொப்பி இருக்கிறதே, அதை விரலால் மறைத்துப் பாருங்கள். சாம்பல்நீலம் முழுவதும் உடனே சோர்ந்துவிடும். விரலை எடுத்ததும் வானம் குளிர்ச்சியாகத் திரும்பி வரும். இந்த வித்தை டர்னருக்கும் தெரியும், ஆனால் போனிங்டன் அளவுக்குச் சிக்கனமாகச் செய்தவரை நான் பார்த்ததில்லை.

டெலாக்ருவா அதே கடிதத்தில் ஒன்று சொல்கிறார்: கைவேகத்தின் அந்த லேசான தன்மை, அதிலும் நீர்வண்ணத்தில், இவர் படங்களை ஒருவித வைரங்களாக ஆக்குகிறது, படம் எதைப் பற்றியது, எதைப்போல இருக்கிறது என்பதற்கெல்லாம் அப்பால் கண் அதில் மயங்குகிறது. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் எங்கும் படித்ததில்லை. இவற்றில் என்ன நடக்கிறது என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. வண்ணம் தாளில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் நேரம் போவதே தெரியாது.

அடுத்ததாக நீரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இது தெரிந்தால் நல்ல ஓவியரையும் சுமாரானவரையும் நீங்களே பிரித்துவிடலாம். நிழல் சூரியன் தள்ளுகிற பக்கம் விழும். பிம்பம் எப்போதும் பார்ப்பவரை நோக்கி நேராகக் கீழே வரும். இரண்டையும் குழப்பி, பிம்பத்தைச் சாய்த்து வரைகிற படங்கள் ஏராளம். கறுத்த பொருளின் பிம்பம் அந்தப் பொருளைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்கும், வெளுத்த பொருளின் பிம்பம் கொஞ்சம் மங்கியிருக்கும். பிம்பம் என்பது பொருளைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுவதும் இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து பார்த்தால் தெரிவதுதான் அதில் தெரியும். கரையில் நிற்கிற நமக்குப் படகின் உள்பக்கம் தெரிந்தால், நீரில் அதன் அடிவயிறு தெரிய வேண்டும். லேசாகக் காற்றடித்துச் சிற்றலை எழுந்தால் பிம்பம் நீண்டு இறங்கும். பாய்மரத்தின் பிம்பம் மரத்தைவிட நீளமாக, நடுநடுவே அறுந்து, புழுபோல நெளிந்து வருவது அதனால்தான்.

இன்னொன்று, காலடியில் இருக்கும் நீரை நேராகக் குனிந்து பார்த்தால் அது சுமார் 2 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்பும், அதனால் அடியில் இருக்கும் மணல் தெரியும். தூரம் போகப் போகப் பார்வை நீரைச் சாய்வாகத் தொடுகிறது, நீர் மேலும் மேலும் கண்ணாடியாகிறது. எனவே அசையாத கடலில் காலடி நீர் மண்நிறமாகவும், தூரத்து நீர் தொடுவானத்தை ஒட்டிய வானத்தின் நிறமாகவும் இருக்க வேண்டும். காற்றே இல்லாத விடிகாலையில் கடலும் வானமும் சேர்கிற கோடு காணாமல் போவது இதனால்தான். இந்தச் சூத்திரங்களை யாரும் எழுதிவைத்துக்கொண்டு வரையவில்லை. பார்த்துப் பார்த்துக் கண் பழகியதுதான்.

டர்னரை இவ்வளவு நேரம் ஒத்திப்போட்டதற்குக் காரணம், அவரைப் பற்றி ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு இடம் இருக்காது. ஒரு காலைப்பொழுதை மட்டும் சொல்கிறேன். 1818-ல் யார்க்ஷயரில் வால்டர் ஃபாக்ஸ் என்ற நண்பரின் ஃபார்ன்லி மாளிகையில் டர்னர் தங்கியிருந்தார். போர்க்கப்பல் எவ்வளவு பெரியது என்று புரியவைக்கும்படி ஒரு படம் வேண்டும் என்று காலை உணவின்போது கேட்டார்கள். டர்னர் மேலே போய் உட்கார்ந்தார், அந்த வீட்டுப் பையன் பக்கத்தில் இருந்து முழுவதையும் பார்த்தான். முதலில் தாள் ஊறும்வரை வண்ணநீரைக் கொட்டினார். பிறகு கிழித்தார், சுரண்டினார், வெறிபிடித்தவர்போலத் தேய்த்தார். எல்லாம் ஒரே குழப்பம். அந்தக் குழப்பத்துக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கப்பல், கயிறும் பீரங்கி வாசலும் துல்லியமாக, எழுந்து வந்தது. மதிய உணவுக்குள் படம் முடிந்து கீழே வந்துவிட்டது. ‘சரக்கேற்றும் முதல்தரப் போர்க்கப்பல்’ என்ற அந்தப் படம் இப்போது பெட்ஃபோர்டில் ஹிக்கின்ஸ் காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 40 செ.மீ. அகலம்தான். நூறு பீரங்கிக்கு மேல் சுமக்கும் கப்பலின் பக்கச்சுவர் நம் தலைக்கு மேல் மலைபோல நிற்கிறது, அருகில் பண்டம் கொண்டுவந்த சின்னப் படகுகள். நம் கண்ணை அந்தப் படகுகளின் மட்டத்தில் வைத்துவிட்டார், கப்பலின் பிரம்மாண்டம் அதனால் வந்தது. அதிலும் பீரங்கி முழங்கவில்லை. சாமான் ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிர் அடுத்த வருடம் செய்தது. 1819 செப்டம்பரில், 44 வயதில், டர்னர் முதன்முறையாக வெனிஸ் போனார். சில நாட்கள்தான் இருந்தார். நோட்டுப் புத்தகத்தில் நான்கே நான்கு நீர்வண்ணங்கள். அவற்றில் ஒன்று விடிகாலையில் சான் ஜார்ஜியோ மஜ்ஜோரே தேவாலயம். நீரும் வானமும் ஏறக்குறைய வெறும் தாள், மெல்லிய மஞ்சளும் நீலமும் தடவியது. கோயிலும் கோபுரமும் வெளிர்நீல நிழலுருவம். முந்தைய வருடம் தாளைக் கிழித்த அதே கை, இங்கே தாளைத் தொடவே பயந்ததுபோல வேலை செய்திருக்கிறது. ஒரே ஒரு டர்னர் நீர்வண்ணம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

அவர் முறையைப் பற்றி டபிள்யூ. எல். லீட்ச் என்ற ஓவியர் சொன்ன விவரமும் உண்டு. நான்கு பலகைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் திருகி வைத்த கைப்பிடி. படத்தை லேசாகக் கோட்டில் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துத் தாளோடு பலகையை வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பார். ஈரத்தாளில் முக்கியமான நிறங்களை விட்டு ஓடவிடுவார். அது ஊறிக் காய்கிற நேரத்தில் அடுத்த பலகை. ஆக, அவரது மூடுபனி பெரும்பாலும் தாள் தானே செய்துகொண்டது. எங்கே தடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்ததுதான் அவர் திறமை.

மற்றவர்களைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நாரிச் நகரத்து ஜான் செல் காட்மன் 1812 முதல் 1823 வரை கிரேட் யார்மத் துறைமுக ஊரில் இருந்தவர். அவர் படகும் நீரும் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதுபோலத் தெளிவான விளிம்புகளோடு இருக்கும். ஈரத்தில் கரைகிற டர்னருக்கு நேர்மாறு, ஆனால் அமைதி குறையாது. 1824-ல் போனிங்டனோடு பதக்கம் வாங்கிய காப்லி ஃபீல்டிங் பின்னாளில் நீர்வண்ணச் சங்கத்துக்கே தலைவரானார். கை சுத்தம், சந்தேகமில்லை. ஆனால் பத்துப் படம் பார்த்தால் பதினொன்றாவது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். போனிங்டனின் நண்பர்கள் வட்டத்தில் இருந்த யூஜின் இசபே பிற்பாடு யோங்கிண்ட் என்ற டச்சுக்காரருக்கு ஆசிரியரானார். யோங்கிண்டும், ஹான்ஃப்ளரில் பிறந்த பூதனும் பின்னாளில் இம்ப்ரெஷனிச ஓவியராகப் புகழ்பெற்ற மோனேவை இளம் வயதில் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனவர்கள். அந்த நார்மண்டிக் கரை ஒரு நூற்றாண்டு முழுக்க ஓவியர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கடல் இதில் வருகிறதா என்று தோன்றும். வருகிறது, ஆனால் அமைதியாக வருவது அபூர்வம். ஜார்ஜ் சின்னரி என்ற ஆங்கில ஓவியர் 1802 கடைசியில் மதராசுக்கு வந்து, 1807-ல் கல்கத்தாவுக்குப் போகும்வரை இங்கே இருந்தார். அன்றைக்கு மதராசில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும்; ஆட்களும் சரக்கும் மசூலா படகில் ஏறி அலையை உடைத்துக்கொண்டு கரைக்கு வர வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையில் தாங்காது என்று, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. சின்னரி அந்தப் படகுகளையும் கட்டுமரங்களையும் வரைந்தார். மதராசை வரைந்தவர்களுக்குக் கண்ணில் பட்டது அலைதான், அதில் வியப்பில்லை. சின்னரிக்கு அமைதியான நீர் கிடைத்தது பிற்பாடு சீனக் கரையில் இருக்கும் மக்காவ் நகரத்தில்தான். 1825-லிருந்து 1852-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்து, பிராயா கிராண்டே விரிகுடாவையும் அங்கே படகில் வாழ்ந்த பெண்களையும் திரும்பத் திரும்ப வரைந்தார்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. இன்றைக்கு நீங்கள் பார்க்கிற நிறம் அன்றைக்குப் பூசிய நிறமாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் மேகத்துக்கு வேண்டிய சாம்பல்நிறத்தை, அவுரியிலிருந்து எடுக்கிற இண்டிகோ நீலத்தோடு செங்காவியைக் கலந்துதான் பலர் செய்தார்கள். இண்டிகோ வெளிச்சம் பட்டால் போய்விடும், காவி போகாது. எனவே மழை மேகமாக வரைந்தது நூறு வருடம் வரவேற்பறையில் தொங்கினால் இளஞ்சிவப்பு மேகமாகிவிடும். அதைப் பார்த்து “என்ன அழகான அந்தி” என்று மயங்கியவர்கள் உண்டு, நானும் மயங்கியிருக்கிறேன். கர்ட்டின் படங்கள் இதில் நிறையவே அடிபட்டவை. ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் சோதனை செய்து 1888-ல் கொடுத்த அறிக்கைதான் வெளிச்சம் நீர்வண்ணத்தை என்ன செய்கிறது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது. ஹென்றி வாகன் என்ற சேகரிப்பாளர் தன்னிடமிருந்த 38 டர்னர் நீர்வண்ணங்களை ஸ்காட்லாந்து தேசியக் காட்சியகத்துக்கு எழுதிவைத்தபோது, வெளிச்சம் மிகக் குறைவான ஜனவரி மாதத்தில் மட்டும், இலவசமாகக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதனால்தான் அந்தப் படங்களின் நீலம் இன்றும் நீலமாக இருக்கிறது. படம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், பழைய சட்டகத்தின் விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தைத் தேடுங்கள். பல நேரம் அங்கே ஒரு மெல்லிய பட்டையாக அசல் சாம்பல்நீலம் இன்னும் இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். டேட், வாலஸ் கலெக்ஷன், பிரிட்டிஷ் மியூசியம், யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையம் நான்கும் இவற்றை இணையத்தில் வைத்திருக்கின்றன. கைப்பேசியில் வேண்டாம், கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள். முதலில் கர்ட்டினின் வெள்ளை வீடு. அப்புறம் டர்னரின் 1819 வெனிஸ். பிறகு வாலஸில் உள்ள போனிங்டனின் ‘பெய் தெ கோ பகுதியில் சூரியாஸ்தமனம்’. 1828-ல் வரைந்தது. அதுவரை இருந்த சாம்பல்நீலச் சிக்கனத்தைத் தளர்த்தி, டர்னரைப் பார்த்த துணிவில் முழு வெயிலையும் கடலுக்கு மேல் திறந்துவிட்டிருக்கிறார். இருபத்தைந்து வயதுக்காரர் அடுத்த அறைக்குள் நுழைவது அதில் தெரியும்.

கடைசியாக நாட்டிங்ஹாமில் இருக்கிற போனிங்டனின் ‘அண்டர்கிளிஃப்’. செங்குத்தான பாறைக்கரை, கீழே கடலோரத்தில் சரக்கோடு சில ஆட்கள். நோய் முற்றுவதற்கு முன் அவர் வரைந்த கடைசிப் படம் இது என்று குடும்பத்தார் அதில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார்கள்: 1828 ஆகஸ்ட் 6, 7. காசநோயோடு லண்டன் வந்து, செப்டம்பர் 23 அன்று இறந்தார். 26 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது.